சீம்பால் முதல் பால் மறக்கடிப்பு வரை: கன்றுக்குட்டிக்கு நோய் எதிர்ப்பு சக்தியை ஊட்டி வளர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

கடலூர், நெல்லிக்குப்பம், பாகூர் பக்கம் ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் கன்றுக்குட்டி கழிந்து செத்துப்போன கதை இல்லாத ஊரே கிடையாது. கேட்டால் "மழை ஒத்துக்கலை" என்பார்கள், "குளிர் வாங்கிடுச்சு" என்பார்கள். ஈரம் கிருமியைப் பெருக்கும், அது உண்மைதான். ஆனால் அதே கொட்டகையில், அதே ஈரத்தில், பக்கத்து முளையில் கட்டியிருக்கும் இன்னொரு கன்று ஒன்றும் ஆகாமல் துள்ளிக்கொண்டு நிற்கிறது. அந்த வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் காரணம், பிறந்த முதல் சில மணி நேரத்தில் கன்றின் வயிற்றுக்குள் என்ன போனது, எவ்வளவு போனது என்பதுதான். அதற்கு அடுத்த இரண்டு மாதம் அது வயிறாரப் பால் குடித்ததா என்பதும் கூடவே சேர்ந்துகொள்ளும். மருந்துக் கடையில் வாங்கும் எந்த டானிக்கும் இந்த இரண்டுக்கும் ஈடாகாது, இதை நான் முழு மனதோடு சொல்கிறேன்.

சினைமாட்டில் தொடங்கி தடுப்பூசி வரை வரிசையாக எழுதுகிறேன். ஜெர்சி கலப்பினக் கன்று பிறக்கும்போது சுமார் 25 கிலோ இருக்கும் என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன், ஏனென்றால் நம் பக்கம் அதிகம் இருப்பது அதுதான். எச்.எஃப் (ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன்) கலப்பினம் 30, 35 கிலோ வரை வரும், நாட்டுக் கன்று அதைவிடச் சின்னது, அதற்கேற்ப அளவை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரம்?

மனிதக் குழந்தை தாய் வயிற்றில் இருக்கும்போதே தாயின் எதிர்ப்புப் புரதங்களை வாங்கிக்கொண்டு பிறக்கிறது. மாட்டில் அப்படி நடப்பதில்லை. தாயின் ரத்தத்துக்கும் கன்றின் ரத்தத்துக்கும் நடுவே திசுக்கள் அடுக்கடுக்காக இருப்பதால், இம்யூனோகுளோபுலின் என்னும் அந்தப் பெரிய புரதங்கள் நஞ்சுக்கொடியைத் தாண்டி வர முடியாது. ஆகவே கன்று தரையில் விழும்போது அதன் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் ஏறக்குறைய இல்லவே இல்லை. தாய் இத்தனை வருடம் அந்தக் கொட்டகைக் கிருமிகளோடு போராடிச் சேர்த்து வைத்த எதிர்ப்பு முழுவதையும் கடைசி சில வாரங்களில் மடியில் இறக்கி வைக்கிறது. அதுதான் சீம்பால்.

சரி, குடித்தால் போதுமா என்றால், அதற்கும் நேரம் உண்டு. பிறந்த கன்றின் சிறுகுடல் அந்தப் பெரிய புரதங்களைச் செரிக்காமல் அப்படியே ரத்தத்துக்குள் விடும். இந்த வசதி முதல் 2 முதல் 4 மணி நேரத்தில் நன்றாக இருக்கும், 6 மணி நேரத்திலேயே கணிசமாகக் குறைந்துவிடும், 24 மணி நேரம் ஆகும்போது ஏறக்குறைய அடைபட்டுவிடும். அதற்கப்புறம் வாளி வாளியாகச் சீம்பால் கொடுத்தாலும் ரத்தத்தில் ஏறாது, குடலுக்குள் மட்டும் வேலை செய்யும். இதில் இன்னொரு சங்கடம், சீம்பாலுக்கு முந்திக்கொண்டு சாணமும் அழுக்கும் கன்றின் வாய்க்குள் போனால் அந்தத் திறந்த குடல் வழியாகக் கிருமியும் உள்ளே போகும்.

எதிர்ப்புப் புரதம் மட்டும் என்று நினைக்காதீர்கள். சாதாரணப் பாலில் 12, 13 சதவீதம் திடப்பொருள் இருந்தால் முதல் கறவைச் சீம்பாலில் ஏறக்குறைய அதைப்போல இரண்டு மடங்கு இருக்கும். கொழுப்பு, வைட்டமின் ஏ, தாயின் வெள்ளையணுக்கள், குடலை வளரச் செய்யும் ஹார்மோன்கள், நல்ல நுண்ணுயிர்களுக்குத் தீனியாகும் சர்க்கரைகள் என்று எல்லாம் சேர்ந்ததுதான் அது.

படி 1: கன்று பிறப்பதற்கு 2 மாதம் முன்பே தொடங்குங்கள்

நிறைசினை மாட்டைப் பிரசவத்துக்கு 60 நாள் முன்பே பால் வற்றவிட வேண்டும். "இன்னும் ரெண்டு லிட்டர் வருதே" என்று கடைசிவரை கறந்தால் மடிக்கு ஓய்வில்லை, 3 வாரத்துக்கும் குறைவான ஓய்வில் சீம்பாலின் அளவும் தரமும் இரண்டுமே அடிபடும். அதேபோல் கன்று போடுவதற்கு முன்னாலேயே மடி கனத்துவிட்டது என்று கறந்துவிடுவதும், காம்பில் தானாக ஒழுகுவதைக் கவனிக்காமல் விடுவதும் எதிர்ப்புப் புரதத்தைத் தரையில் கொட்டுவதுதான். நிறைசினையில் ஒழுகும் மாடாக இருந்தால், சேமித்த சீம்பாலை (படி 4) கையில் வைத்துக்கொண்டு காத்திருங்கள்.

தீவனத்தில் நம் பக்கத்துக் குறை எனக்குத் தெரிந்து ஒன்றுதான்: கரும்பு வெட்டும் காலத்தில் கொழுந்தாடை, மற்ற நேரம் வைக்கோல், இவ்வளவே. வெறும் வைக்கோலில் வைட்டமின் ஏ ஆக்குவதற்கான மஞ்சள் நிறமி இல்லை, புரதமும் மிகக் குறைவு. பச்சை தின்ற மாட்டின் சீம்பால் நல்ல மஞ்சளாக இருப்பது இதனால்தான். தினமும் 10 கிலோவாவது கம்பு நேப்பியர், அதோடு ஒரு கைப்பிடி அகத்தியோ வேலிமசாலோ முருங்கைத் தழையோ சேர்ந்தால் போதும். கடைசி 2 மாதம் அடர்தீவனத்தை ஒன்றரை, 2 கிலோவரை மெதுவாக ஏற்றுங்கள், தாது உப்புக் கலவையை மறக்காதீர்கள், அதில் இருக்கும் துத்தநாகம், தாமிரம், செலினியம் எல்லாமே எதிர்ப்பு அணுக்களுக்கு வேண்டியவை. செலினியத்தை மட்டும் தனியாக வாங்கி உங்கள் இஷ்டத்துக்குப் போட வேண்டாம், அளவு மீறினால் நஞ்சு.

சித்திரை, வைகாசியில் சினையின் கடைசி மாதங்கள் வந்தால் கூடுதல் கவனம். அக்னி நட்சத்திர வெயிலில் கஷ்டப்பட்ட தாய்க்குப் பிறக்கும் கன்று எடை குறைவாகப் பிறக்கிறது, அதோடு நல்ல சீம்பாலே கொடுத்தாலும் அதிலிருந்து குறைவான எதிர்ப்புப் புரதத்தைத்தான் உறிஞ்சுகிறது, அமெரிக்காவில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். நம் கடலோரக் காற்றில் ஈரப்பதம் அதிகம், தண்ணீர் தெளிப்பது மட்டும் பலன் தராது, தெளித்து விசிறியும் ஓட வேண்டும். தென்னை மரத்தடி நிழல், எந்நேரமும் தொட்டி நிறையக் குடிநீர், அடர்தீவனம் விடியற்காலையும் பொழுது சாய்ந்தும். கறவை இல்லாத மாடுதானே என்று வெயிலில் கட்டுவதுதான் வழக்கம், அந்த நேரத்தில்தான் அதற்கு நிழல் அதிகம் தேவை.

படி 2: முதல் 2 மணி நேரம்

கன்று விழுந்ததும் மூக்கு வாய் சளியைத் துடைத்து, தாயை நக்கவிட்டு, தொப்புள் கொடியை உடம்பிலிருந்து 2 அங்குலம் விட்டுச் சுத்தமான நூலால் கட்டி நறுக்கி, 7 சதவீத டிங்சர் அயோடினில் முக்கிவிடுங்கள். இது 5 நிமிட வேலை. அப்புறம் நேராகச் சீம்பால்.

இங்கேதான் ஒரு பழைய நம்பிக்கை குறுக்கே நிற்கிறது. "கொடி விழட்டும், அதுக்கப்புறம் கன்னைக் காம்புல விடலாம்" என்று வீட்டு ஆயா சொல்வார், பெரியவர்கள் எல்லோரும் தலையாட்டுவார்கள். அவர் சொல்லும் கொடி நஞ்சுக்கொடி, அது விழ 12 மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை காத்திருந்தால் கன்றின் குடல் பாதிக்கு மேல் அடைபட்டிருக்கும், மடியிலும் எதிர்ப்புப் புரதத்தின் அடர்த்தி மணிக்கு மணி குறைந்துகொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் நஷ்டம். உண்மையில் நடப்பது நேரெதிர்: கன்று காம்பைச் சப்பும்போது தாயின் உடம்பில் ஆக்ஸிடோசின் சுரக்கிறது, அது பாலை இறக்குவதோடு கருப்பையையும் சுருங்கச் செய்கிறது, கொடி சீக்கிரம் விழ அதுவே உதவி. ஆயாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள், கேட்பார்கள். கொடி விழுந்ததும் வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவது நம் வழக்கம், அதைத் தாராளமாகச் செய்யலாம், நாய் இழுக்காமல் இருக்கவும் அது நல்லதுதான். கன்று மட்டும் அதுவரை பட்டினி கிடக்க வேண்டாம்.

அளவு: கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர், முதல் 2 மணி நேரத்துக்குள். 8 முதல் 12 மணி நேரத்துக்குள் இன்னும் ஒன்றேகால் லிட்டர். இவ்வளவா என்று பலர் பயப்படுகிறார்கள், சீம்பால் அதிகமானால் கழியும் என்பார்கள். சீம்பால் குடித்த கன்று மஞ்சளாக, பசை போலச் சாணம் போடும், அது சுகமான அறிகுறி, நோய் கிடையாது.

ஏன் இந்த அளவு என்று ஒரு கணக்குப் போட்டால் விளங்கும். நல்ல சீம்பாலில் ஒரு லிட்டருக்கு 50 கிராம் எதிர்ப்புப் புரதம். இரண்டரை லிட்டரில் 125 கிராம். அதில் ஏறக்குறைய 30 சதவீதம்தான் ரத்தத்துக்குப் போய்ச் சேரும், சுமார் 37 கிராம். 25 கிலோ கன்றின் ரத்த நீர் இரண்டேகால் லிட்டர் போல இருக்கும், ஆக லிட்டருக்கு 16 கிராம் கிடைக்கிறது. 10 கிராமுக்குக் கீழே போனால் எதிர்ப்பு ஏறவில்லை என்று கணக்கு, 18க்கு மேல் என்றால் நல்ல நிலை, 25 இருந்தால் மிக நன்று. இரண்டாவது வேளை ஒன்றேகால் லிட்டர் எதற்கு என்று இப்போது புரியும். இதே கன்று தானாக ஒரு லிட்டர் மட்டும் குடித்து, அந்தச் சீம்பாலும் நீர்த்துப்போய் லிட்டருக்கு 30 கிராம்தான் இருந்தால்? ரத்தத்தில் லிட்டருக்கு 4 கிராம். கொட்டகையில் முதல் கழிச்சல் வரும்போது அந்தக் கன்று தப்பிப்பது கஷ்டம்.

"கன்று தானே எழுந்து குடிச்சிடும்" என்று விடுவதில் இதுதான் ஆபத்து. நல்ல பால் இனத்தில் மடி தாழ்ந்து தொங்கும், கன்று முன்னங்காலையும் வயிற்றையும் முட்டிக்கொண்டு காம்பைத் தேடியே நேரத்தைக் கழிக்கும். கஷ்டப் பிரசவத்தில் இழுத்து எடுத்த கன்றாக இருந்தால் சப்பும் வலுவே இருக்காது. அதனால் என் யோசனை: மடியைக் கழுவித் துடைத்து, முதல் இரண்டு பீச்சைத் தரையில் விட்டு, சுத்தமான பாத்திரத்தில் அளந்து கறந்து, நிப்பிள் பாட்டிலில் நீங்களே ஊட்டுங்கள். கன்று நின்றபடியோ மார்பில் படுத்தபடியோ இருக்க வேண்டும், தாய்க் காம்பைத் தேடும்போது எப்படித் தலையை நிமிர்த்துமோ அந்த அளவுக்கு மட்டும் தலையை உயர்த்துங்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். ஒரேயடியாகக் குடிக்காவிட்டால் அரை மணி நேரம் விட்டு மீதியைக் கொடுங்கள். சப்பவே மாட்டேன் என்கிற கன்றுக்குக் குழாய் வழியாக வயிற்றுக்குள் விடும் முறை இருக்கிறது, கால்நடை மருத்துவரிடம் பழகிக்கொண்ட பிறகே அதைச் செய்ய வேண்டும்.

பால் சுரம் (கன்று போட்டதும் ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்து மாடு படுத்துவிடும் நோய்) வரும் என்று கன்று போட்ட மாட்டை முழுக்கக் கறக்கத் தயங்குகிறீர்கள் என்றால் அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. முழுக்கக் கறக்கச் சொல்லவில்லை. கன்றுக்கு வேண்டிய இரண்டரை, 3 லிட்டரை மட்டும் உடனே எடுங்கள், மீதி மடியில் இருக்கட்டும்.

அப்புறம் ஒன்று. முதல் கறவைச் சீம்பாலை அக்கம்பக்கம் கொடுத்தனுப்பும் பழக்கம் நம்மிடம் உண்டு. வெல்லமும் ஏலக்காயும் போட்டுக் காய்ச்சிய சீம்பாலின் ருசி எனக்கும் பிடிக்கும், கேட்டு வருகிறவர்களுக்கு இல்லை என்று சொல்ல மனம் வராது என்பதும் தெரியும். இரண்டாவது நாள் கறவையில், கன்றுக்குப் போக மிச்சத்தைக் கொடுங்கள். முதல் கறவை கன்றுக்கும் சேமிப்புக்கும் மட்டும்.

படி 3: சீம்பால் நல்லதா என்று பாருங்கள்

கெட்டியாக, மஞ்சளாக இருந்தால் நல்லது என்று கண்ணால் பார்த்துச் சொல்வது ஓரளவுக்குத்தான் சரி வரும். நிறம் தீவனத்தைப் பொறுத்தது, கெட்டித்தன்மை கொழுப்பைப் பொறுத்தது. சரியாகப் பார்க்க ஒரு சின்னக் கருவி போதும், அது நம் ஊருக்குப் புதிதும் அல்ல. கரும்பு முற்றிவிட்டதா என்று பார்க்க வயலில் சாறு பிழிந்து கண்ணில் வைத்துப் பார்ப்பார்களே, அதே பிரிக்ஸ் மானிதான் (சாற்றில் கரைந்திருக்கும் திடப்பொருளின் அளவைக் காட்டும் கருவி). 0 முதல் 32 வரை அளவு உள்ள கைக்கருவியில் இரண்டு சொட்டு சீம்பாலை விட்டு வெளிச்சத்தைப் பார்த்துப் பிடியுங்கள். கோடு 22 அல்லது அதற்கு மேலே நின்றால் லிட்டருக்கு 50 கிராமுக்குக் குறையாது என்று வைத்துக்கொள்ளலாம். 18, 20 என்று நின்றால் வீணாக்க வேண்டாம், அளவைக் கூட்டுங்கள், முடிந்தால் சேமித்த நல்ல சீம்பாலை முதலில் கொடுத்துவிட்டு இதை அடுத்த வேளைக்கு வையுங்கள். நெல்லிக்குப்பம், மன்னாடிப்பட்டு மாதிரிக் கரும்புப் பகுதிகளில் அந்தக் கருவி வைத்திருப்பவர் யாராவது ஒருவர் தெருவில் இருப்பார், இரவல் கேட்டுப் பாருங்கள். கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுங்கள்.

தலைச்சன் மாட்டின் சீம்பால் வீண் என்று தரையில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அளக்காமல் அப்படிச் செய்யாதீர்கள், நல்லதாகவே இருப்பதும் உண்டு. மடிநோய் வந்து திரிந்த சீம்பால், ரத்தம் அதிகம் கலந்தது, இவற்றை மட்டும் கொடுக்க வேண்டாம்.

படி 4: ஒரு கன்றுக்கான சீம்பால் எப்போதும் கையிருப்பில்

தாய் இறந்துபோகலாம், மடிநோய் வரலாம், கன்றைக் கிட்டவே சேர்க்காமல் போகலாம். நல்ல சீம்பால் கிடைக்கும் அன்றே மிச்சத்தை அரை லிட்டர், ஒரு லிட்டராகக் கெட்டிப் பைகளில் தட்டையாக நிரப்பித் தேதி எழுதி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். மைனஸ் 20 டிகிரியில் ஒரு வருடம் வரை இருக்கும், ஆனால் வீட்டு ஃப்ரீசரில், அதுவும் மழைக்காலத்தில் கரன்ட் போய் போய் வரும் வீட்டில், 3 மாதத்துக்கு மேல் நம்பாதீர்கள். கீழ்த் தட்டில் என்றால் ஒரு நாள், மிஞ்சினால் 2 நாள். வெளியே வைத்தால் நம் வெக்கையில் ஒரு மணி நேரத்துக்குள் கிருமி பல மடங்காகிவிடும், அந்தக் கிருமி எதிர்ப்புப் புரதம் ரத்தத்தில் ஏறுவதையும் தடுக்கும்.

உருக்கும்போது கைபொறுக்கும் சூட்டுத் தண்ணீரில், 50 டிகிரிக்கு மேல் போகாமல், பையோடு போட்டு உருக்குங்கள். அடுப்பில் வைத்தால் திரிந்து கட்டியாகிவிடும், சீம்பால் காய்ச்சிய எல்லோருக்கும் இது தெரியும், அப்படிக் கட்டியாவது எதிர்ப்புப் புரதமும் சேர்ந்துதான். உடம்புச் சூட்டில், 38, 39 டிகிரியில் ஊட்டுங்கள். இன்னொருவர் வீட்டு மாட்டின் சீம்பாலை வாங்க நேர்ந்தால் அந்த மாட்டுக்குக் கருச்சிதைவு நோய் (புரூசெல்லா), காசநோய் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள்.

படி 5: இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை

இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. இரண்டாவது கறவையிலிருந்து பால் கொஞ்சம் கொஞ்சமாகச் சாதாரணப் பாலாக மாறும் அந்த 3, 4 நாள் பாலில் எதிர்ப்புப் புரதம் இன்னும் இருக்கிறது. அது ரத்தத்தில் ஏறாது, ஆனால் குடல் சுவரில் நின்று ஈகோலை, ரோட்டா வைரஸ் மாதிரியானவை ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும். சத்தை உறிஞ்சும் குடல் விரல்கள் (குடலின் உள்சுவரில் விரல் போல நீட்டி நிற்கும் நுண்ணிய முனைகள்) நீளமாக வளரவும் அது உதவுகிறது. கூட்டுறவுச் சங்கத்திலும் இந்தப் பாலை வாங்க மாட்டார்கள், விற்க முடியாத பால்தான், ஆகவே கன்றுக்கே வயிறாரக் கொடுத்துவிடுங்கள். இந்த நாட்களில் தயவுசெய்து கஞ்சி, வடிகஞ்சி, பருப்புத் தண்ணீர் எதுவும் வேண்டாம். முதல் 3 வாரம் கன்றுக்கு மாவுச்சத்தைச் செரிக்கும் திறமை மிகக் குறைவு, அது கழிச்சலில்தான் முடியும்.

சந்தேகமாக இருந்தால் இந்த வாரத்திலேயே சோதித்துவிடலாம். ஒரு நாள் கடந்து 7 நாளுக்குள் கன்றின் ரத்தம் எடுத்து, அது உறைந்ததும் தெளிந்து நிற்கும் நீரில் மொத்தப் புரதம் பார்த்தால் 100 மில்லிக்கு 5.2 கிராமாவது இருக்க வேண்டும், 6.2 இருந்தால் அருமை. உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள், புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அளவு குறைவு என்று தெரிந்தால் அந்தக் கன்றுக்கு அடுத்த ஒரு மாதம் தனிக் கவனம் தேவை என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

படி 6: இரண்டு மாதம், பாலில் மிச்சம் பிடிக்காதீர்கள்

சீம்பாலைப் பற்றிச் சொன்னால் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். இந்த இடத்தில்தான் வாக்குவாதம் வரும், ஏனென்றால் இந்தப் பாலுக்குச் சொசைட்டியில் காசு இருக்கிறது.

உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு பால், 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர் என்பது பழைய கணக்கு. இந்தக் கன்று வளராமல், எடை கூடாமல், சும்மா உயிரோடு இருக்கவே ஒன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல் பால் வேண்டும். மிஞ்சுவது ஒரு லிட்டர்கூட இல்லை. அதில்தான் எலும்பு, சதை, குடல், தைமஸ் சுரப்பி, நிணநீர் முடிச்சுகள், வெள்ளையணுக்கள் எல்லாம் வளர வேண்டும். ஒரு காய்ச்சல் வந்தால், மழையில் நனைந்து நடுங்கினால், அந்த மிச்சமும் போய்விடும். எதிர்ப்பு அணு ஒவ்வொன்றும் புரதத்தாலும் சக்தியாலும் ஆனது, பட்டினி கிடக்கும் உடம்பு அதை உண்டாக்காது.

இதில் காலமும் நெருக்குகிறது. தாயிடம் வாங்கிய எதிர்ப்புப் புரதம் சுமார் 3 வாரத்தில் பாதியாகிவிடும். கன்று தானே உண்டாக்கும் எதிர்ப்பு மெதுவாகத்தான் ஏறும். ஆக 3 முதல் 5 வாரம் வரை இரண்டும் கெட்டான் காலம், அங்கேதான் சளியும் கழிச்சலும் ரத்தக் கழிச்சலும் வந்து நிற்கின்றன. சரியாக அந்த நேரத்தில்தான் பல வீடுகளில் "கன்னு பெருசாயிடுச்சு" என்று பாலைக் குறைக்கிறோம்.

என் கருத்து இது: முதல் வாரம் 3 லிட்டர், இரண்டாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம் வரை 4 லிட்டர், இரண்டு வேளையாக, முடிந்தால் மூன்று வேளையாக. 8 வாரத்துக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று வைத்தாலும் 224 லிட்டர், இரண்டரை லிட்டர் கொடுத்தால் 140. வித்தியாசம் 84 லிட்டர். உங்கள் சங்கத்தின் விலையால் அதைப் பெருக்கி, பக்கத்தில் ஒரு கிடாரி கன்றின் விலையையும், ஒரு கழிச்சலுக்கு ஊசி, குளுக்கோஸ், மருந்து என்று ஆகும் செலவையும் எழுதிப் பாருங்கள். தொடக்கத்தில் ஊட்டியதன் பலன் இந்த 2 மாதத்தோடு முடிவதில்லை என்பதைச் சீம்பாலிலேயே பார்த்திருக்கிறார்கள்: அமெரிக்காவில் பிரவுன் சுவிஸ் கிடாரிகளில், பிறந்ததும் 2 லிட்டர் சீம்பால் குடித்தவற்றைவிட 4 லிட்டர் குடித்தவை முதல் இரண்டு ஈற்றிலும் அதிகம் கறந்ததாக 2005ல் ஒரு ஆய்வு வெளிவந்தது.

தாயிடமே ஊட்டவிடுகிறவர்கள் ஒரு காம்பை மட்டும் கன்றுக்கு விடுவது வழக்கம். நாளுக்கு 8 லிட்டர் கறக்கும் மாட்டில் ஒரு காம்பு என்றால் 2 லிட்டர். போதாது. முதல் ஒன்றரை மாதம் இரண்டு காம்பு விடுங்கள். கன்று எவ்வளவு குடிக்கிறது என்று தெரிய, ஊட்டுவதற்கு முன்னும் பின்னும் கன்றைத் தூக்கிக்கொண்டு எடை மேடையில் நின்று பாருங்கள், வித்தியாசம்தான் குடித்த பால். 2 மாதத்தில் பிறந்த எடை இரு மடங்காக வேண்டும், 25 கிலோ 50 ஆக வேண்டும். அதுதான் இலக்கு.

காளைக்கன்றுக்கும் இதே கணக்குதான். ஒதுக்கி வைத்த காளைக்கன்று முதலில் கழிந்து, அதே தரையில் நிற்கும் கிடாரிக்கும் நோயைக் கொடுக்கும். ஊசி போட்ட மாட்டின் விற்க முடியாத பாலைக் கன்றுக்கு ஊற்றுவதையும் நிறுத்துங்கள், அந்த மருந்து எச்சம் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களைக் கெடுத்து, மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்க்கும்.

படி 7: தண்ணீரும் கன்றுத் தீவனமும்

மூன்றாம் நாளிலிருந்தே சுத்தமான தண்ணீர் வைக்கலாம். பால் ஒரு மடிப்பு வழியாக நேராக நான்காவது வயிற்றுக்குப் போகும், தண்ணீர்தான் முதல் வயிற்றில் விழும், அங்கே நுண்ணுயிர் வளர அது வேண்டும்.

இரண்டாவது வாரத்திலிருந்து ஒரு கைப்பிடி கன்றுத் தீவனம். வீட்டில் கலப்பதானால் உடைத்த மக்காச்சோளம் பாதி, கடலைப் புண்ணாக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதியில் கோதுமைத் தவிடு, நூற்றுக்கு 2 பங்கு தாது உப்பு, ஒரு பங்கு சாதா உப்பு. விருத்தாசலம் பக்கம் நல்ல புண்ணாக்கு கிடைக்கும், ஆனால் ஐப்பசி மழையில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்த கட்டியை மட்டும் கன்றுக்கு உடைத்துப் போடவே கூடாது. அதில் உருவாகும் அஃப்ளாடாக்சின் என்னும் பூஞ்சை நஞ்சு ஈரலைக் கெடுப்பதோடு எதிர்ப்பு சக்தியையும் நேரடியாக அடக்கும். தடுப்பூசி போட்டும் பிடிக்காத கன்றுகளில் இதையும் சந்தேகப்பட வேண்டும். தரையில் அடுக்காமல் பலகை மேல் வையுங்கள், சின்ன அளவாக வாங்குங்கள்.

வைக்கோலை வாயில் போட்டுப் பழகட்டும், பரவாயில்லை, ஆனால் பால் குறைந்து வைக்கோல் கூடினால் பானை வயிறும் முரட்டு முடியுமாக ஒரு கன்று வரும். அந்த உருவத்தைப் பார்த்தால் உடனே பாலைக் கூட்டுங்கள், பூச்சிக்கும் பாருங்கள்.

பாலை நிறுத்துவது வயதைப் பார்த்து அல்ல, தின்பதைப் பார்த்து. தொடர்ந்து 3 நாள் தினமும் முக்கால் கிலோ தீவனம் தின்கிறது என்றால் 10 நாளில் படிப்படியாகக் குறைக்கலாம், 8 வாரத்துக்கு முன் வேண்டாம். அதே வாரத்தில் கொம்பு சுடுவது, இடம் மாற்றுவது, ஊசி என்று எதையும் சேர்க்காதீர்கள், அந்த அழுத்தம் எதிர்ப்பைக் குறைத்துவிடும்.

படி 8: கழிச்சல் வந்துவிட்டால்

பாலை நிறுத்தாதீர்கள். கழிகிற கன்றுக்குத்தான் சக்தி அதிகம் தேவை. பாலை வழக்கம்போல் கொடுத்து, இரண்டு வேளைக்கும் நடுவே உப்பு சர்க்கரைக் கரைசல், நாளுக்கு 2 முதல் 3 லிட்டர். கால்நடைக்கான பாக்கெட் கிடைக்காத ராத்திரியில் நாம் குடிக்கும் ஓ.ஆர்.எஸ் பாக்கெட்டையே ஒரு லிட்டர் ஆறிய தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். கண் உள்ளே போய், கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே படியாமல், வாய்க்குள் விரல் வைத்தால் ஜில்லென்று இருந்து, எழுந்து நிற்க முடியாமல் போனால் அது வீட்டு வைத்தியத்தைத் தாண்டிவிட்டது, ஊசி வழியாக நீர் ஏற்ற வேண்டும். தமிழ்நாட்டுப் பக்கம் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962க்கு அழையுங்கள். மருந்துக் கடையில் ஆன்டிபயாட்டிக் மாத்திரை கேட்டு வாங்கிப் போடுவது வேண்டவே வேண்டாம், முதல் 3 வாரக் கழிச்சலில் பெரும்பங்கு வைரஸும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணியும்தான், அவற்றுக்கு அந்த மாத்திரை பயன்படாது.

படி 9: மழைக்காலமும் நாள் குறிப்பும்

கார்த்திகை, மார்கழியில் பிறக்கும் கன்றுக்கு அரை லிட்டர் பால் கூடுதல். நம் பக்கம் பெரிய குளிர் இல்லை, ஆனால் நனைந்த முடியும் கடல்காற்றும் சேர்ந்தால் கன்றின் உடம்புச் சூடு வேகமாக இறங்கும். முட்டி மறைகிற உயரத்துக்கு உலர்ந்த வைக்கோல், காற்று அடிக்கும் பக்கம் ஒரு சாக்குத் தடுப்பு. தானே, நிவர், ஃபெஞ்சல் என்று புயல்களைப் பார்த்த ஊர் நாம், எச்சரிக்கை வந்த அன்றே உலர்ந்த வைக்கோலைக் கன்றுக்கென்று தனியாக மேலே ஏற்றி வையுங்கள், ஃப்ரீசரில் உள்ள சீம்பாலை ஐஸ் பெட்டிக்கு மாற்றுங்கள்.

குடற்புழு மருந்து முதல் முறை 10 முதல் 14 நாளுக்குள், மருத்துவர் சொல்லும் அளவில், அப்புறம் 6 மாதம் வரை மாதம் ஒரு முறை. எருமைக் கன்றுக்கு இதைத் தள்ளிப்போடவே கூடாது, அதில் பெரிய உருண்டைப் புழு தாய்ப்பால் வழியாகவே வந்துவிடும். கோமாரி ஊசி 4 மாதத்தில் முதல் தவணை, ஒரு மாதம் கழித்து இன்னொன்று. கிடாரிகளுக்கு மட்டும் கருச்சிதைவு நோய்த் தடுப்பூசி 4 முதல் 8 மாதத்துக்குள், வாழ்நாளில் ஒரே முறை. ஊசி போடும் முகாமுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே புழு மருந்து முடிந்து, கன்று நன்றாகத் தின்றுகொண்டிருக்க வேண்டும், மெலிந்த கன்றில் ஊசி பாதிதான் வேலை செய்யும். பிறந்த தேதி, குடித்த சீம்பால் அளவு, பிரிக்ஸ் எண், மாத எடை, புழு மருந்து, ஊசி, எல்லாவற்றையும் கொட்டகைச் சுவரில் தொங்கும் காலண்டரிலேயே எழுதி வையுங்கள், மருத்துவர் வரும்போது முதலில் கேட்பது அதைத்தான்.